கண்ணாடியில் முகம்

கேரவனின் படி தானாக வெளியே நீண்டு என் வெள்ளரிக்காய்க் கூடையின் மேல் இறங்கியது. கூடை நசுங்கியது. கதவைத் திறந்தவள் இரவு உடையில் நின்றாள். கையில் காபிக் கோப்பை.

“இதெல்லாம் என்ன?”

“சந்தை,” என்றேன். “உங்க படி என் வெள்ளரிக்கா மேல நிக்குது.”

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கம் தேன், ஒரு பக்கம் தக்காளி, கொஞ்சம் தள்ளி ராய்ஸின் பாப்கார்ன் கொப்பரை. முன்னால் ஞாயிற்றுக்கிழமை சோள விழாவுக்கான மேடை, பாதி கட்டி முடித்த நிலையில். முந்தின இரவு அவர்கள் வந்தபோது இது வெறும் சரளைக்கல் திடல். தீவனக் கடைக்காரர் தாராளமாகப் படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மறுநாள் சனிக்கிழமை என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் நினைக்கவில்லை. வண்டியிலேயே வாழ்கிறவர்களுக்குக் கிழமை தங்குவதில்லை. நாங்கள் விடியுமுன் வந்தோம். தூங்குகிறவர்களை எழுப்பாமல் சுற்றிக் கூடாரம் போட்டுக்கொண்டோம்.

“வெண்டல், எழுந்திரு,” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். “நம்மளச் சுத்தி ஊரே கடை போட்டிருக்கு.”

“வண்டிய எடு, போயிடலாம்,” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“எப்படி எடுக்க? முன்னால மேடை கட்றாங்க.”

மேடை ஞாயிறு இரவு வரை நகராது. வெளியேற வேறு ஒரே வழி, தீவனக் கடைச் சுவருக்கும் வால்நட் மரத்துக்கும் நடுவே வளைந்து, பின்பக்கமாகவே சாலைக்குப் போவது. அதுவும் இப்போது முடியாது. சந்தை மணி அடித்துவிட்டால், மூடும் மணி வரை திடலில் எந்தச் சக்கரமும் உருளக் கூடாது. நான் அதைச் சொன்னேன். அவள் காபியைக் குடித்து முடித்தாள்.

“சரி. அந்த நசுங்கின வெள்ளரிக்காயெல்லாம் என்கிட்டக் குடுங்க.”

அவள் பெயர் ஆர்டிஸ். அயோவாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையைப் பல வருடம் நடத்தியவள். கொஞ்ச நேரத்தில் உடை மாற்றிக்கொண்டு, வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறிய வெள்ளரித் துண்டுகளோடு என் மேசைக்கு வந்தாள். போகிற வருகிறவர்கள் கையில் துண்டு குத்திய ஒரு குச்சியைக் கொடுத்தாள். “தின்னு பாருங்க. பிடிக்கலைன்னா மூஞ்சியச் சுளிங்க, பரவாயில்ல. ஏய், நீ இல்ல, வரிசைல வா.” வளர்ந்த ஆண்கள்கூட வரிசையில் வந்தார்கள். பத்து மணிக்குள் என் வெள்ளரிக்காய் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

ராய்ஸ் தன் கொப்பரையைக் கிளறியபடியே கேட்டான். “அயோவா நம்பரா? அங்க ரோடெல்லாம் நேரா இருக்குமே. வளைவுன்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியும். உங்க விஸ்கான்சின்காரன் சீஸ் கடையைப் பாத்தா வண்டியத் திருப்பறதுதானே?”

ராய்ஸ் சிரித்தான். ஒரு காலத்தில் பெரிய லாரி ஓட்டியவன் அவன்.

மதியத்துக்கு முன்பு என்னிடம் அவள் மெதுவாகச் சொன்னாள். வசந்தத்தில் அவள் கணவர் வெண்டலுக்கு இடது கண் போய்விட்டது. ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஓட்டுவது அவள்தான்.

“நெடுஞ்சாலைல பிரச்சன இல்ல. பின்னால எடுக்கத்தான் வராது. முன்னால நுழைஞ்சு முன்னாலயே வெளிய போற இடமாப் பாத்துப் பாத்து நிறுத்தறேன்.”

“வெண்டலுக்குத் தெரியுமா?”

“அவன்தான் சொல்றான், பின்னால எடுக்கத் தெரியாதவ இத ஓட்டக் கூடாதுன்னு. திங்கக்கிழமை ஒருத்தர் வண்டிய வாங்கறதுக்குப் பாக்க வர்றார். எங்க அயோவாவுல, டெ மொயின்ல.” மரத்தைப் பார்த்தாள். “எனக்கு விக்க இஷ்டமில்ல. வீட்ட வித்தப்பக்கூட இவ்வளவு தோணல.”

மூடும் மணி அடித்தது. எல்லோரும் கூடாரத்தை மடித்தோம். யாரும் போகவில்லை. மடக்கு நாற்காலிகளைப் பிரித்துச் சுவரோரம் போட்டுக்கொண்டோம். பெரிய வண்டி பின்னால் வருவதைப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் எவரும் வீட்டுக்குப் போவதில்லை.

வெண்டல் இறங்கி வந்தார். உயரமானவர். தொப்பியை இடப்பக்கம் இழுத்து வைத்திருந்தார். நேராக ராய்ஸிடம் போனார்.

“நீங்க லாரி ஓட்டினவராமே. கொஞ்சம் வெளிய எடுத்துக் குடுத்துடறீங்களா?”

“அதுக்கென்ன, சாவி?”

“சாவி என் பையில இருக்கு, வெண்டல்,” என்றாள் ஆர்டிஸ். ஏறி உட்கார்ந்தாள்.

அவர் பின்னால் போனார். இரண்டு கையையும் தூக்கி, மாட்டை அழைப்பது மாதிரி வீசினார். வண்டி வந்தது. வளைவதற்குப் பதிலாக மரத்தை நோக்கி வந்தது.

“மரம்! மரம்!” என்று ராய்ஸ் கத்தினான்.

வண்டி நின்றது. அவள் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

“எங்க நின்ன?”

“பின்னால.”

“பின்னாலன்னா எங்க?”

“பின்னாலதான்! எத்தன தடவ சொல்றது?”

“நீ ஓட்டினப்பல்லாம் நான் எங்க நின்னேன்?”

வெண்டல் யோசித்தார். “கண்ணாடில இருப்ப.”

“எப்படி இருந்தேன்? தானா ஒட்டிக்கிட்டு இருந்தேனா? நீ திருப்பத் திருப்ப நான் நடந்தேன், வெண்டல். சேத்துல, முள்ளுல, ஒரு தடவ எறும்புப் புத்து மேல. உன் மூஞ்சி எனக்குத் தெரியணும்னு நின்னேன். தெரியலைன்னா கத்தினேன். நீ நிறுத்தின.”

வெண்டல் திரும்பி மரத்தைப் பார்த்தார்.

“இப்ப நீ நில்லு. உன் மூஞ்சி எனக்குத் தெரியாத வரைக்கும் வண்டி நகராது. ஒரு கை போதும்.”

ராய்ஸ் எழுந்திருக்கப் பார்த்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

வண்டி முன்னால் போய் மறுபடி வந்தது. வெண்டல் சுவர்ப் பக்கம் நின்றார். பார்வை இல்லாத பக்கத்தில் மரம் இருந்ததால் ஒவ்வொரு அடிக்கும் தலையை முழுதாகத் திருப்பி அதைப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணாடிக்கு முகம் காட்டினார். சுவரோரம் இருந்த செங்கல் குவியலில் தடுக்கி விழுந்தார். முகம் மறைந்தது. வண்டி அந்த நொடியே நின்றது. அவர் எழுந்து கண்ணாடிக்குள் வந்தார். வண்டி நகர்ந்தது. அவள் ஒருமுறை முன்னால் எடுத்துச் சரி செய்தாள். இன்னொரு முறையும் எடுத்தாள். அவசரப்படவில்லை. வால்நட் இலைகள் வண்டியின் பக்கவாட்டில் உரசின. பட்டை உரசவில்லை. பின்சக்கரம் தார்ச்சாலையில் ஏறியது.

யாரும் கை தட்டவில்லை. ராய்ஸ் ஒரு பெரிய பொட்டலம் பாப்கார்னை ஜன்னல் வழியாக நீட்டினான். “வளைவு தெரியுது உங்களுக்கு,” என்றான்.

வெண்டல் முழங்காலில் ஒட்டிய செங்கல் தூளைத் தட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினார்.

“அந்த டெ மொயின் ஆளுக்குப் போன் பண்ணணும்.”

“பண்ணு.”

“என்னன்னு சொல்ல?”

“வேற வண்டி பாத்துக்கச் சொல்லு.”

அவர் பாப்கார்னைப் பிரித்தார்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயம் முடிந்ததும், பயண வண்டிகள் தங்கும் ஆற்றோர முகாமின் கடைக்குச் சோளம் கொண்டுபோனேன். அந்தக் கேரவன் கடைசி வரிசையில், பின்பக்கமாக மட்டுமே நுழைய முடிகிற ஓர் இடத்தில் நின்றது. படி இறங்கியிருந்தது. வெண்டல் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் சோளம் வாங்கிக்கொண்டு, வெள்ளரிக்காய் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மாலையில் மழை வந்து விழா பாதியில் நின்றது. இருட்டுவதற்குள் மேடையைப் பிரித்துவிட்டார்கள்.