என் உப்புமா பாஸான நாள்

திருப்பூர் மண்ணரையில் கீழே எங்கள் பனியன் கம்பெனி, மேலே வீடு. தைத்து வரும் பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளுக்கு என் மாமியார்தான் ராணி. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவானாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியே வீசிவிடுவார். அதோடு விட்டாரா? சாயங்காலம் அதே கண்ணோடு என் சமையலறைக்குள் நுழைவார். ஒருநாள் நான் சரியாகத் தேய்க்காத குண்டாவின் அடியில் அம்புக்குறி ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று கேட்க எனக்கென்ன பைத்தியமா?

எண்பதுகளில் நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து என் உப்புமா ஒரு தடவைகூட அவரிடம் பாஸானதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, எனக்கே வெட்கமாயிருந்த ஒரு கட்டி உப்புமாவைத் தட்டில் வைத்தேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குது அம்மிணி" என்றார்.

நேரே போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மாமியார் திருந்திவிட்டார் என்று காங்கேயத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்புறம் உப்பில்லாத ரசம் பாஸ். தீய்ந்த பொரியலும் பாஸ். எனக்குக் குறும்பு தலைக்கேறி, காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். சொட்டு விடாமல் குடித்தார். அப்போதுதான், இது திருந்தியதல்ல, வேறு ஏதோ என்று புரிந்தது.

கீழேயும் அதே கதைதான். அவர் பாஸ் செய்த கட்டைப் பிரித்தால் விரல் நுழைகிற ஓட்டை. ஒரு பனியனுக்கு ஒரு கையே இல்லை. குற்றமில்லாத பனியன்களிலோ அம்மை போட்டதுபோல ஸ்டிக்கர்.

கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். பனியன்காரர்கள் என்று தெரிந்ததும் அவர் எங்கள் பாஷைக்கே இறங்கி வந்தார்.

"ஒடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு கம்பெனிதாங்க. புரோட்டீன்தான் சரக்கு. நூலாட்டம் நீளமா வரும், சரியா மடிஞ்சாத்தான் வேலைக்கு ஆகும். தப்பா மடிஞ்சதப் பிரிச்சு மறுக்கா மடிக்க உள்ளயே ஆள் இருக்குது. அதுக்கும் தேறாததக் கிழிச்சுப் போடவும் ஆள் இருக்குது. வயசாக ஆக இந்த ஆளுகெல்லாம் சோந்து போயிடறாங்க. சில பேருக்கு மூளையில அது ரொம்ப முத்திருது. தப்பு மடிப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் குமிஞ்சு, செல்லு வேல செய்ய முடியாமப் போயிருது."

என் கணவர் அசல் திருப்பூர்க்காரர். "புதுசா ஆள் போட்டுக்க முடியாதுங்களா டாக்டர்?" என்றார்.

"அதத்தாங்க உலகம் பூராத் தேடிட்டிருக்கறாங்க. குமியறதுதான் நோய்க்குக் காரணமா, நோயினால குமியுதாங்கறதே இன்னும் முழுசாத் தெரியலீங்க."

அதுவரை சும்மா இருந்த மாமியார், "செக்கிங்குல ஆள் சரியில்லீனா கம்பெனி உருப்படாதுங்க" என்று டாக்டருக்கே புத்தி சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இது மறதி நோய், போகப்போக ஆளையே மறந்துவிடலாம் என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார். பனியன் போனால் போகட்டும். என்னை மறந்துவிடுவாரோ என்பதுதான் எனக்குப் பயம். இத்தனை வருஷம் வேளை தவறாமல் என்னோடு சண்டை போட்டவர். அவர் இல்லாமல் நான் யாரோடு மல்லுக்கட்டுவது?

அந்த நாளும் வந்தது. ஒரு மத்தியானம் சோறு போட்டு முன்னால் வைத்தேன். தட்டைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"பாத்தா நல்ல பொண்ணாட்டம் இருக்கறீங்க. இருந்தாலும் எம் மருமவ வந்துரட்டுங்க."

எனக்கு 'ங்க' போட்டுப் பேசுகிறார். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"மருமவ எப்படிங்க, நல்லவங்களா?"

"அதய ஏங் கேக்கறீங்க! ஒரு குண்டா வெளக்கத் தெரியாது. வாய் மட்டும் காதுவரைக்கும் இருக்குது." குரல் தணிந்தது. "இந்நேரம் எங்க நிக்கறாளோ, வகுத்துக்கு என்ன உண்டாளோ. அவ வராம நான் எப்படிங்க சோறு உங்கறது?"

நான் எழுந்து, பின்பக்கப் படியில் இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்படி ஏறினேன். வழியெல்லாம் அழுகை. வாசலில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத்த, வந்துட்டேனுங்க" என்றேன்.

"இப்பத்தான் ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்று சீறிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். ஒரு வாய் உண்டவர், என்னைக் கிட்டே கூப்பிட்டுக் கிசுகிசுத்தார்.

"உள்ள ஒரு பொண்ணு ரொம்ப நேரமாக் காத்துட்டிருக்கறா. பாவம், மொதல்ல அவளுக்குச் சோத்தப் போடு."