நான் மறைத்துவிட்டதாக நினைத்த ஊற்றுகள்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் வரைபடம் வரைந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் மென்பொருள் இலவசம் என்பதே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த திறந்த மூல மென்பொருள் அது. அதோடு சேர்க்கும் செருகுநிரல்களும் அப்படித்தான். ஒன்று, மற்றவர்கள் இணையத்தில் வைத்திருக்கும் வரைபடங்களை எங்கள் திரைக்குக் கொண்டுவரும். இன்னொன்று, நாங்கள் வரைந்ததை இணையத்தில் ஏற்றத் தயார் செய்து தரும். நம்மிடமிருந்து எதை உருவிக்கொண்டு போகிறதோ என்று, வேலை முடிந்ததும் இணைய வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், குடிநீர்த் திட்டத்துக்காகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும் ஊற்றுகளையும் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வந்தேன். மேல் லயத்தில் குடியிருந்த, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் அரைநாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு காட்டுக்குள் ஏறி வந்தார்.

“இதுதாங்க நாங்க தண்ணி பிடிக்கிற பீலிக்கு வர்ற ஊத்து. தோட்டத்துத் தொரைக்குக்கூட சரியா தெரியாது. ஒங்கள நம்பித்தான் காட்டுறேன்.”

“வெளிய யாருக்கும் போகாதுக்கா” என்றேன்.

வரைபடத்தை இணையத்தில் ஏற்றிய அன்று அதை மறக்கவில்லை. லயங்களும் பாதைகளும் மட்டும் போதும் என்று, ஊற்றுகளைத் தனியாகக் குறித்திருந்த படலத்துக்கு எதிரேயிருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். பிறகு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஊற்றுகள் இல்லை. நிம்மதியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்த லயத்துக்குப் போனபோது, தேத்தண்ணி குடிக்க யாரும் கூப்பிடவில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்தான் வாயைத் திறந்தார்.

“ரெண்டு பேரு வந்து ஊத்துக்கிட்ட எடம் அளந்து முளை அடிச்சிட்டுப் போயிருக்காங்க. கையில ஒரு கடதாசி. யார்கிட்டயும் வழி கேக்கல, நேரா அங்கயே போயிருக்காங்க. நீங்கதானே எழுதிக்கிட்டுப் போனீங்க?”

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் சந்தேகம் முழுவதும் எங்கள் மேலதிகாரி மேல் விழுந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். கதவைச் சாத்திக்கொண்டு சிங்களத்தில் நீண்ட நேரம் தொலைபேசியில் பேசுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ். ஒரு வாரம் அவரை வேவு பார்த்தேன். அவர் வெளியே போன நேரத்தில் மேசையிலிருந்த தாள்களைக்கூடப் புரட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் குடுத்ததெண்டோ நினைக்கிறீர்? முதல்ல நீர் ஏத்தின படத்தை ஒரு வெளி ஆள் மாதிரித் திறந்து பாரும்.”

வெளி வரைபடங்களைக் கொண்டுவரும் செருகுநிரலில் எங்கள் இணையப் பக்கத்தின் முகவரியையே கொடுத்தேன். பட்டியல் விரிந்தது. லயம், பாதை. அவற்றுக்குக் கீழே, ஊற்று. அதைச் சொடுக்கியதும் ஏழு நீலப் புள்ளிகள் திரையில் வந்து நின்றன. நான் எடுத்த சரி அடையாளம் பக்கத்தில் தெரியாமல் மறைத்தது, அவ்வளவுதான். ஏற்றத் தயார் செய்யும் செருகுநிரல் எல்லாப் படலங்களையும் எழுதி வெளியே அனுப்பியிருந்தது. முகவரி தெரிந்த எவரும் எடுத்திருக்கலாம்.

“அதை உடன எடுத்துவிடும்” என்றார் அவர். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அன்றைக்கே நீக்கிவிட்டேன். அதற்குள் யாராவது எடுத்தார்களா, அந்தக் கடதாசி எங்கள் படந்தானா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனியாக மேல் லயத்துக்கு ஏறிப்போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே விறகை அடுக்கினார்.

“அப்ப தெரியாம செஞ்சதுங்கிறீங்க?”

“ஆமாக்கா.”

“தெரிஞ்சு செஞ்சிருந்தாலும் இப்படித்தானே வந்து சொல்லுவீங்க.”

லயத்து ஆட்கள் முளைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். தலைவர் பிரதேச செயலகத்தில் முறைப்பாடு கொடுத்தார். வந்தவர்கள் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை, திரும்பவும் வரவில்லை. குடிநீர்த் திட்டம் அடுத்த வருடம் வந்தது. குழாய் பதிக்க வந்தவர்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது அக்காதானாம். என்னை யாரும் கூப்பிடவில்லை.