சித்தப்பாவின் காப்பு

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாளில், கோலா தெர்லா பக்கமிருந்து வந்த முட்டைக்கோசு லோரியிலிருந்து சித்தப்பா இறங்கினார் என்ற செய்தி, அவர் மேடேறி வருவதற்கு முன்பே எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அம்மா செய்த முதல் காரியம், அப்பாவின் கவாத்துக் கத்தியை எடுத்து விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்ததுதான்.

அதே கத்திதான். முந்தின வருடம் அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது, சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வந்த சித்தப்பா அதைப் பிடுங்கி அப்பாவின் வலது கையிலேயே வீசினார். இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. கத்தி வழுக்கிவிட்டது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் அப்பா சொன்னார். தோட்டமே நின்று பார்த்த வழுக்கல் அது. சித்தப்பா அன்றே ஓடிப்போனார். அப்பாவுக்குக் கவாத்து வேலை போய், பேக்டரியில் தூள் கூட்டும் வேலை வந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டியவர் அது அவிழும்வரை தோட்டத்தைத் தாண்டக்கூடாது. காப்பு இல்லாதவர் திருவிழா முடியும்வரை உள்ளே தங்கக்கூடாது. விளக்கு வைப்பதற்குள் கட்டாவிட்டால் சித்தப்பா மறுபடி ரோட்டுக்குத்தான் போகவேண்டும். போனால் இனி வரமாட்டார் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

பேக்டரியிலிருந்து அப்பா வந்தார். முகம் கழுவவில்லை.

"கத்தி எங்க?"

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"எடு."

"இந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க. உள்ள போயிட்டீங்கன்னா நாங்க எங்க போவோம்?"

அப்பா நேராக விறகுக் கட்டுக்குப் போனார். அம்மா எதை எங்கே ஒளிப்பாள் என்பது அவருக்குத் தெரியும். கத்தியை இடது கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். அம்மா என் கையை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கோயில் வாசலில், மாவிலைத் தோரணத்துக்கு வெளியே, சாக்கு மூட்டையோடு சித்தப்பா தூறலில் நின்றிருந்தார். தகரக் கூரைக்கு அடியில் பெரியவர்கள் நனையாமல் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சம்சு செஞ்ச வேலை லா."

"நாமளுந்தான் குடிக்கிறோம். யார வெட்டுனோம்? அவனுக்கு ஏழரைச் சனிய்யா."

"சனியுமில்ல கினியுமில்ல. அண்ணனுக்குக் கங்காணி வேல வரப்போவுதுன்னு பேச்சு வந்துச்சுல்ல, அந்த வயித்தெரிச்சல்."

கோயில் தலைவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "வெட்டுனவனே சொல்லட்டும். ஏண்டா வெட்டுன?"

சித்தப்பா மூட்டையை மறு தோளுக்கு மாற்றினார். "தெரியலண்ணே."

"தெரியலையாம்! காரணமே தெரியாதவனுக்கு எப்படிக் காப்புக் கட்டுறது?"

அப்போதுதான் அப்பா கையில் கத்தியைப் பார்த்தார்கள். பூசாரி தட்டோடு பின்வாங்கினார். சித்தப்பா ஓடவில்லை, மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என் கண்ணைப் பொத்தினாள். நான் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அப்பா சித்தப்பாவை உரசிக்கொண்டு உள்ளே போனார். அம்மன் முன்னால் வைத்திருந்த பூசணிக்காயை ஒரே வெட்டு. குங்குமம் சிதற இரண்டு பாதியும் இரண்டு பக்கம் உருண்டன. வருடாவருடம் திருஷ்டிக்குப் பூசணிக்காய் வெட்டுவது அப்பாதான் என்பது பயத்தில் எங்களுக்கு மறந்தே போயிருந்தது.

கத்தியைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, பூசாரியின் தட்டிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை அப்பா எடுத்தார்.

"விசாரணை இன்னும் முடியலையேப்பா" என்றார் தலைவர்.

"அவனுக்கே தெரியல. நீங்க தெரிஞ்சுக்கிட்டு என்னா செய்யப் போறீங்க? என் வெரலு மடங்கவா போவுது?" பிறகு வாசல் பக்கம் திரும்பி, "மழையில என்னாடா நிக்கிற? உள்ள வா" என்றார்.

சித்தப்பா உள்ளே வந்து கையை நீட்டினார். அப்பாவின் விறைத்த விரல்களுக்குள் கயிறு நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. "தம்பி, இங்க வெரல வையி" என்று என்னைக் கூப்பிட்டார். நான் முடிச்சை அழுத்திக்கொள்ள, ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்துக் கட்டினார். அதன்மேல் இன்னொரு முடிச்சு. அதன்மேலும் ஒன்று. மற்றவர்களுக்கெல்லாம் பூசாரி ஒரு முடிச்சுதான் போட்டிருந்தார்.

திருவிழா முடிந்தது. காப்பு அவிழ்க்கும் நாளில் எல்லோருடையதும் சுலபமாக அவிழ்ந்தது. சித்தப்பாவின் முடிச்சோடு பூசாரி மல்லுக்கட்டித் தோற்றார். "கத்தியக் குடுங்கய்யா" என்றார். அப்பா கொடுக்கவில்லை. "அவுரலன்னா விடுங்க சாமி. கையிலயே கெடக்கட்டும்" என்றார்.

கூட்டம் சிரித்தது. காப்பு அவிழும்வரை தோட்டத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு எனக்கு மனப்பாடம்தான். இருந்தாலும், முடிச்சுக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாமல் போய்விட்டதே என்று, அப்பாவின் கையை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன்.