இன்சீனில் பனி விழுந்த காலை

வீட்டு வாசலில் பனி கொட்டிக் குவிந்துவிட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது ஒன்பது வயதிலேயே எனக்கு அத்துப்படி. முதலில் வாசற்படியை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு கதவிலிருந்து தெரு வரைக்கும் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி எடுக்க வேண்டும். எடுத்த வழியில் உப்புத் தூவ வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். மண்வெட்டியைக் குனிந்த முதுகோடு தூக்கக் கூடாது, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். இரும்புக் கம்பியில் நாக்கை வைக்கவே கூடாது, ஒட்டிக்கொள்ளும். ரங்கூனில் எந்தக் காலத்திலும் பனி கொட்டியதில்லை என்பது வேறு விஷயம். அந்த நகரத்தின் ஒரு மூலையான எங்கள் இன்சீனில் டிசம்பர் விடியலில் கொஞ்சம் மூட்டம் இறங்கும். அதற்கே தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற அம்மாள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் சித்தி. அம்மாவின் தங்கை. அப்பா மலேசியாவில் வேலை பார்த்ததால் வீட்டில் அம்மா, சித்தி, நான், மூன்று பேர்தான். சித்தி முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துணி தைத்துக்கொடுப்பாள். அந்த வருஷம் அவளுக்குக் கனடாவில் இருக்கும் மாப்பிள்ளை ஒருவர் நிச்சயமாகியிருந்தார். அவருடைய சொந்த ஊர் மாவ்பி. அவருடைய அம்மாவை நாங்கள் எல்லோருமே மாவ்பி அத்தை என்றுதான் சொல்வோம். மோதிரம் போட்டது அந்த அத்தை. மாப்பிள்ளை போனில் சிரித்தார்.

நிச்சயம் ஆன மறுநாளிலிருந்து சித்தி பனிக்குத் தயாரானாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் பனி வெட்டுகிற வீடியோக்களைப் பார்ப்பாள், எங்களையும் பார்க்கவைப்பாள். பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வேலைக்காரர்கள் போனபிறகு அவர்களுடைய மணல் குவியலில் இறங்கி, மண்வெட்டியால் வழி எடுத்துப் பழகுவாள். பழைய துணி மூட்டைகள் பிரிக்கிற கடைகளில் அலைந்து முழங்கால் வரைக்கும் வருகிற கருநீலக் கோட்டு ஒன்று வாங்கிவந்தாள். அதற்கேற்ற பூட்ஸ் மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மின்சாரம் இல்லாத ஓர் அக்டோபர் மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க மெஷின் மிதித்ததை நான் பார்த்திருக்கிறேன். உடம்புக்குப் பழக வேண்டுமாம். எது எதற்குப் பழக வேண்டும் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்திருக்க வேண்டும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவ்பி அத்தை தன் பெரிய மகளோடு வந்தார். அந்த மகளின் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. வந்தவர் காப்பியைத் தொடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்தே பேசினார். போன மழைக்காலத்தில் சித்திக்கு இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவர் காதுக்குப் போயிருந்தது.

"நெஞ்சு பலமில்லாத பொண்ணை அந்தப் பனியில கொண்டுபோய் விட முடியுமாம்மா? ஒரு குளிர்காலம் தாங்காது. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா பழி எங்க தலையில. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சித்தி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் கொண்டுபோய் அத்தையிடம் நீட்டினேன். அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

அதற்கப்புறம் அம்மா வாசல் கதவைத் திறந்துவைப்பதை நிறுத்திவிட்டாள். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூடப் பின்பக்கமாக வந்து போனார்கள். பண்டிகை நெருங்கிற்று. மற்ற வீடுகளில் காகித நட்சத்திரம் தொங்கியது. கிறிஸ்துமஸ் அன்று மாவ்பி அத்தை மகள் வீட்டில் தங்கி எங்கள் கோயிலுக்குத்தான் வருவார், எங்கள் வாசலைத் தாண்டித்தான் நடந்துபோவார். அம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊரின் மறுகோடியில், தாகேதாவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விடலாம், பூசையை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

"நீங்க போயிட்டு வாங்கக்கா," என்றாள் சித்தி. "நான் இங்கதான் இருப்பேன்."

"ஊர் வாயில விழணும்னு உனக்கென்ன ஆசை?"

"எனக்கு நெஞ்சு சரியில்லன்னு சொன்னாங்க, சொல்லட்டும். அதுக்கு ஒளிஞ்சுக்கணுமா? நான் என்ன திருடினேனா?"

அம்மா அரிசி களையப் போய்விட்டாள். சித்தி போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். மாமா அவர்கள் இருவருக்கும் அண்ணன். தாகேதாவில் மீன் சந்தைக்கு ஐஸ் போடுகிற ஃபாக்டரியில் வேலை. அதிகம் பேசாத மனிதர். ஏதாவது கேட்டால் முடியும், முடியாது என்பதோடு சரி, ஏன் என்று கேட்கமாட்டார். சித்தி என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. "முடியும்" என்று அவர் சொன்னது மட்டும் போனிலிருந்து வெளியே கேட்டது.

சித்தியைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் அம்மாவும் தாகேதாப் பயணத்தைக் கைவிட்டாள். கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலைப் பூசைக்கு சித்தி கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டாள். கோயிலில் திரும்பிப் பார்க்காதவர்கள் ஃபாதரும் பீடத்துப் பிள்ளைகளும்தான். சித்தி முன்வரிசையில் போய் மண்டியிட்டாள். கடைசிவரைக்கும் பட்டனைக்கூடத் திறக்கவில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது வாசலில் ஒரு சின்ன லாரி நின்றிருந்தது. மாமா பின்தட்டில் நின்று சாக்குகளை விலக்கிக்கொண்டிருந்தார். சாக்குக்கு அடியில் வெள்ளையாக, மலைபோல, உடைத்துப் பொடித்த ஐஸ். இரண்டு ஆட்கள் அதை எங்கள் வாசல் முழுக்க வாரிக் கொட்டினார்கள். படிக்கட்டு மறைந்தது. அம்மாவின் ரோஜாத் தொட்டிகள் மறைந்தன. வேலியோரம் இடுப்பு உயரத்துக்குக் குவிந்தது. அங்கங்கே உமி ஒட்டியிருந்தது, லேசாக மீன் வாசனையும் அடித்தது. ஆனாலும் அது பனிதான். வீடியோவில் பார்த்த அதே பனி. கால்சட்டையில்லாத குழந்தைகள் முதற்கொண்டு தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிவந்து அதில் விழுந்து புரண்டார்கள்.

மூலைக் கடை வைத்திருக்கும் பர்மிய அம்மாள் தோ மியா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். ஒரு வீட்டு வாசலில் லாரியில் ஐஸ் இறங்கினால் எங்கள் பேட்டையில் ஒரே அர்த்தம்தான். செத்தது யார் என்று பர்மிய மொழியில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.  யாரும் சாகவில்லை, இங்கே பனி விழுந்திருக்கிறது என்று சித்திதான் பதில் சொன்னாள். தோ மியா ஐஸைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். கடையைப் பூட்டிவிட்டு முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பிவந்து எதிரே உட்கார்ந்துகொண்டார்.

சித்தி மண்வெட்டியை எடுத்தாள். காலில் வெறும் செருப்பு. முதலில் படிக்கட்டை வெட்டினாள். பிறகு தெருவைப் பார்த்து வழி எடுக்க ஆரம்பித்தாள். முழங்காலை மடக்கி, அள்ளி, பக்கவாட்டில் வீசி. உப்புக்கு அவள் சொல்வதற்கு முன்பே நான் அடுப்படிக்கு ஓடினேன். ஜாடியோடு கொண்டுவந்து தூவினேன். அம்மா வாசற்கதவில் சாய்ந்து நின்று "இளைப்பு வந்துடும், போதும், வந்துடு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சித்தி நிறுத்தவில்லை. மாமா ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு லாரியில் சாய்ந்து நின்றார். உதவிக்குப் போகவில்லை. அவள் கேட்கவில்லை.

வழி தெருவைத் தொடும் நேரத்துக்கு இரண்டாவது பூசை முடிந்தது. மாவ்பி அத்தை பட்டுப் புடவையில், மகளும் பேரப்பிள்ளைகளும் சூழ வந்தார். கூட்டத்தைப் பார்த்து நடை தளர்ந்தது. ஐஸைப் பார்த்ததும் நின்றே போனார்.

சித்தி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள்.

"கிறிஸ்துமஸ் வாழ்த்து அத்தை. வழி எடுத்துட்டேன், உப்பும் போட்டிருக்கு. வழுக்காது. வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

மகள் அத்தையின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை என்ன நினைத்தாரோ, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வழியில் காலை வைத்தார். ஒவ்வோர் அடியாக வைத்து எங்கள் படி வரைக்கும் வந்தார். மற்றவர்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள்.

அம்மா காப்பியும் ரவைக் கேக்கும் கொண்டுவந்தாள். அத்தை படிக்கட்டருகே போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தி உட்காரவில்லை, ஐஸுக்குள்ளேயே நின்றாள். நான் அவளை ஒட்டி, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்புக்கு வெளியே விரல்கள் வெளுத்துத் தோல் சுருங்கியிருந்தன. அப்போது கோட்டுக்குள்ளிருந்து மெலிதாக ஒரு விசில் சத்தம் வந்தது. மூச்சு விடும்போது ஒன்று, இழுக்கும்போது ஒன்று. நான் நிமிர்ந்து பார்த்தேன். சித்தி வாயை இறுக மூடிச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

அத்தை டம்ளரை இறக்கித் தலையைச் சாய்த்தார், எதையோ காதில் வாங்குகிறவர் மாதிரி.

அந்த நொடியில் அம்மா பாட ஆரம்பித்தாள். எங்கள் அம்மா கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைக்கிறவள். அவள் குரல் அப்படி. படிக்கட்டில் நின்றுகொண்டு, பாலன் பிறந்த பாட்டை, சுருதியே இல்லாமல், தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி எடுத்துவிட்டாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். தோ மியாவும் தட்டினார். பாட்டு தெரியாத மாமா லாரிக் கதவைத் தட்டித் தாளம் போட்டார். எனக்கு மானம் போயிற்று. காலையிலிருந்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைத்தேன். அந்தச் சத்தத்தில் சித்தி திரும்பி நின்று, குனிந்து, ஐஸை வாருவது போல இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பாட்டு முடியும்வரை அத்தை காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு முழுவதையும் குடித்தார். கேக்கையும் தின்றார். எழுந்து சித்தியின் கையைப் பிடித்தார். அது எவ்வளவு ஜில்லென்று இருந்திருக்கும் என்பது பிடித்தவுடன் அவர் முகத்தில் தெரிந்தது. கையை விடவில்லை.

"நான் வேணும்னா அவன்கிட்ட இன்னொரு தரம் பேசிப் பாக்கட்டுமாம்மா?"

அம்மா என் தோளை அழுத்தினாள். மாமா சிகரெட்டைக் கீழே போட்டார்.

"வேண்டாம் அத்தை," என்றாள் சித்தி. குரல் கரகரத்தது, ஆனால் நடுங்கவில்லை. "நீங்க வந்து மோதிரத்தை வாங்கிட்டுப் போனப்புறம் அவர் ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேக்கல. நீ தாங்குவியான்னு என்னைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். இப்பவும் நீங்கதான் பேசறேங்கறீங்க."

அத்தை சித்தியின் கையை விட்டார். பிறகு தலையை ஆட்டினார். வந்த வழியிலேயே, வந்ததைவிட மெதுவாகத் திரும்பிப் போனார். தெருவுக்குப் போனதும் மகளுக்காக நிற்காமல் முன்னால் நடந்தார்.

மத்தியானத்துக்குள் பனி எல்லாம் கரைந்து சாக்கடைக்குப் போய்விட்டது. சித்தியை மாமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மூச்சுக்கு மருந்து வைத்துச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டார். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் பாதத்துக்குச் சூடாக எண்ணெய் தேய்த்தபடி திட்டிக்கொண்டும், நடுவில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டும் இருந்தாள். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

எனக்கு மட்டும் ஆத்திரம் தாங்கவில்லை. நான் அதைப் பரீட்சை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். பனியில் நிற்க முடியாது என்றார்கள், நின்று காட்டிவிட்டாள். பெயிலாக்கினவரே வந்து, கையைப் பிடித்து, பாஸ் என்றும் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அப்படி நடந்தால் அடுத்த வகுப்பில் போய் உட்கார வேண்டியதுதானே? ஜெயித்த பிறகு வேண்டாம் என்கிறவள் எதற்காக ஒரு லாரி ஐஸை வெட்டினாள்?

கேட்டேன். சித்தி என்னைப் பார்த்து, "வேண்டாம்னு நான் சொல்றதுக்குத்தான்" என்றாள். அது எதுக்கு என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா மூன்று பேருக்கும் சோறு போட்டாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு, சித்தி பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.