ஷோகேஸுக்குள்ள கன்னியம்மா பையன்

பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளு சார் நான். மயிலாப்பூர்ல ஒரு போட்டோ ஸ்டுடியோல டச்சிங் வேலை, அதாவது படத்தைப் பிரஷ்ஷால திருத்தற வேலை பார்த்தேன். ஒரு போட்டோ கூட எடுத்துக்காம செத்துப்போறவங்க உண்டு இல்லையா, அந்தப் பொணத்தை உட்கார வச்சு எடுத்த படம் எங்கிட்டதான் வரும். மூடின இமை மேலயே பிரஷ்ஷால கண்ணு வரைஞ்சு, தொறந்திருக்கிற மாதிரி பண்ணித் தருவேன். அப்படிப்பட்டவனுக்கு எது பயம் சொல்லுங்க.

எழுபதுகளோட ஆரம்பம். எதிர்ல இருந்த தியேட்டர் வாசல்ல கன்னியம்மான்னு ஒருத்தி வேர்க்கடலை விப்பா. ஒரே பையன் சேகர், எனக்கும் நல்லாத் தெரியும், வேலை தேடப் போறேன்னு போனவன் மாசக்கணக்கா திரும்பல. போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ கேட்டாங்க. இவகிட்ட ஏது? முதல் ரெண்டு புள்ளைங்க தங்கல, படம் புடிச்சா ஆயுசு குறையும்னு பயந்து அவனைக் கேமரா பக்கமே விட்டதில்ல. போட்டோ இல்லாம எங்க போய்த் தேடறதுன்னு விரட்டிட்டாங்க, பாவம்.

அப்போ காலைக் காட்சிக்கு ஒரு பழைய இங்கிலீஷ் படம் வந்தது. வெள்ளைக்காரங்க குடும்பம் குடும்பமா கூண்டு வண்டி கட்டிக்கிட்டு, யாரும் இல்லாத பொட்டல்ல போய்க் குடியேறுற கதை. விளம்பரத்துக்குன்னு கம்பெனி எடுத்த கறுப்பு வெள்ளை ஸ்டில்ஸை தியேட்டர் வாசல் கண்ணாடி ஷோகேஸ்ல குத்தியிருந்தாங்க. திங்கக்கிழமை கன்னியம்மா மூச்சு வாங்க ஓடி வந்தா.

"நைனா, என் புள்ள அந்தப் படத்துல நின்னுகினு கீறான். வந்து பாரு!"

பைத்தியம் முத்திடுச்சுன்னுதான் போனேன். பாதி கட்டின மரவீடு, முன்னாடி வரிசையா ஜனம். ஓரத்துல வண்டிச் சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டு சேகர். நம்பினா நம்புங்க, அவனேதான், நேரா என்னைப் பார்க்கிறான். அந்தப் படம் எடுத்தப்போ அவன் பொறந்தே இருக்க மாட்டான் சார்!

மூஞ்சியை மட்டும் எடுத்து என்லார்ஜ் பண்ணிக் கொடு, ஸ்டேஷன்ல காட்டறேன்னு காலைப் புடிச்சா. தியேட்டர் மேனேஜர்கிட்ட கேட்டேன். படம் மாத்தற வியாழக்கிழமைதான் கண்ணாடியைத் தொறப்போம், அதுதான் வழக்கம்னுட்டார். நானும் கெஞ்சிப் பார்த்தேன், மனுஷன் மசியல.

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டில் கைக்கு வந்தது. ராத்திரி கூட இல்ல, வெளியில பஸ் ஓடற சத்தம் கேட்குது. அதைக் கேமராவுல காப்பி எடுத்து, டார்க் ரூம்ல மூஞ்சியைப் பெருசு பண்ணி மருந்துல போட்டேன். உருவம் மெல்ல வருது. தலை ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு. வாய் லேசாத் தொறந்திருக்கு. ரெண்டு கண்ணும் மூடியிருக்கு. வெளிச்சத்துக்கு வந்து அசல் ஸ்டில்லைப் பார்த்தா அதுலயும் அப்படியே.

வெளியில அவ காத்துக்கிட்டு இருக்கா, என்னன்னு சொல்றது? கண்ணு மூடின படத்தைக் காட்டினா போலீஸ் சிரிக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, வழக்கம்போல கண்ணு வரைஞ்சு கொடுத்துட்டேன். ஸ்டில்லைச் சாயங்காலமே கம்பெனிக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான்.

மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் அவளையும் கூட்டிக்கிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். மேஜை மேல நான் கொடுத்த படத்தை வச்சு, பக்கத்துல இன்னொண்ணு வச்சார். அடையாளம் தெரியாத பொணத்தைப் போலீஸ் எடுக்கிற போட்டோ. அதே சாய்ஞ்ச தலை, அதே வாய், நெத்தியில விழுந்த முடி கூட மாறல. கண்ணு மட்டும்தான் வித்தியாசம்.

"யோவ், இது உனக்கு எப்படிய்யா கெடச்சுது? அடையாறு முகத்துவாரத்துல இந்தப் பொணத்தை நேத்து காலையிலதான் எடுத்தோம். முந்தின ராத்திரிதான் உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

சினிமா ஸ்டில்லுன்னா அடிக்க வருவார். கன்னியம்மா அழவே இல்ல. என் கையைப் புடிச்சுக்கிட்டா.

"திங்கக்கெழம கண்ணத் தொறந்துகினு தானே நைனா இருந்தான்? நீயும் பாத்தியே. அப்போ உசுரோட தானே இருந்தான்?"

ஆமான்னு சொன்னா, அன்னிக்கே படம் கெடச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமேன்னு அந்த நிமிஷமே செத்துப்போவா. தெரியலம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். கொஞ்ச வருஷத்துல அவளும் செத்துப் போய்ச் சேர்ந்துட்டா. ஆனா திங்கக்கிழமை அந்தக் கண்ணு தொறந்துதான் சார் இருந்தது, கூப்பிடற மாதிரி என்னையே பார்த்துக்கிட்டு.