மூடியில் இருந்த இரண்டு தேதிகள்

மீஞ்சூர் கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பினேன். தயாரித்த தேதி, காலாவதி தேதி. கை அப்படியே நின்றுவிட்டது.

பிளஸ் ஒன்னில் இறக்குமதிப் பாடம் நடத்தும்போது காமர்ஸ் மிஸ், வீட்டிலிருக்கும் வெளிநாட்டுச் சாமான் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். என் நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலையில், கப்பலில் வரும் ஸ்கிராப்பைப் பிரிக்கிற வேலை. அதிலிருந்து அவர் எடுத்துவந்த வட்டத் தகடுதான் எங்கள் சோற்றுப்பானைக்கு மூடி. சோறு கொதிக்கையில் தடதடவென்று ஆடும்.

"ஆவி போவ ரெண்டு ஓட்டகூட வச்சிகிறான் பாரு" என்று அம்மா மெச்சிக்கொள்வாள்.

அதைத்தான் வகுப்பில் நீட்டினேன். "கம்பெனி பேரு, தயாரிச்ச தேதி, காலாவதி தேதி எல்லாம் போட்டிருக்கு மிஸ்."

"மூடிக்கு இன்னாத்துக்குடி காலாவதி" என்று பக்கத்துப் பெண் சிரித்தாள்.

மிஸ் அதை வாங்கிப் படித்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இது கல்லறையில பதிக்கிறதும்மா. ஒரு குழந்தையோட பேரு. பொறந்த தேதி, செத்த தேதி."

வீட்டில் சொன்னபோது அடுப்பில் சோறு மூடியில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பை அணைத்தாள்.

"எத்தினி வயசுடி?"

"நாலு."

இன்றைக்கும் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் மனசு தானாகக் கழித்துப் பார்க்கிறது. இந்த பிஸ்கட்டுக்கு ஆறு மாதம்.