வெள்ளி பட்ட விரல்கள்

என் மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துத் தேறி, அங்கேயே ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்த வருடம் அது. ஊர் அம்மன் கோயில் பங்குனித் திங்கள் பொங்கலுக்கு லீவில் வந்தாள். கிளிநொச்சி ஸ்ரேசனில் பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். அவளுடைய விரல் நுனிகள் எல்லாம் கறுத்திருந்தன.

"நெருப்புச் சுட்டதோ பிள்ளை?"

"இல்லையப்பா. வெள்ளி."

பெட்டியைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு நடந்தோம். வழியில் விளங்கப்படுத்தினாள். சிலிக்கா என்று மணலிலிருந்து எடுக்கும் ஒரு தூள், அரிசிமா மாதிரி வெள்ளையாம். வெள்ளி உப்பைத் தண்ணீரில் கரைத்து அந்தத் தூளோடு குழைத்து, கண்ணாடித் தட்டில் தோசைமாப் போல மெல்லிதாகப் பூசி, இருட்டில் காயவைப்பார்களாம். காய்ந்ததும் கீழ்க்கரையில் எண்ணெய்ப் பொட்டு வைத்து, ஒரு திரவத்தில் நிறுத்துவார்களாம். திரவம் மேலே ஊறி ஏற, எண்ணெயும் ஏறும். ஒன்றாய்க் கிடந்த எண்ணெய் தனித்தனிப் பொட்டாகப் பிரிந்துவிடுமாம். நான் அனுப்பிய இலுப்பெண்ணெயைத்தான் அப்படிப் பிரித்திருக்கிறாள்.

"தூள் மட்டும் போதாதோ? வெள்ளி ஏன்?"

"பளையிலயிருந்து புளியங்குளத்துக்கு ரெண்டு பேர் நடந்து போகினம் எண்டு வையுங்கோ. ஒராளுக்கு வழி நெடுக சொந்தக்காரர். மறிச்சு மறிச்சுக் கதைப்பினம். மற்றாளுக்கு ஒருத்தருமில்லை. ஆர் முந்திப் போவினம்?"

"சொந்தமில்லாதவன்தான்."

"எண்ணெயில சில பகுதிக்கு வெள்ளி சொந்தம். வெள்ளி இல்லாட்டில் எல்லாம் ஒண்டா ஏறிப்போகும்."

ஐந்தாம் வகுப்போடு கலப்பை பிடித்தவன் நான். எனக்கே விளங்கியது.

தேறினால் தன் கையால் பொங்கிச் சனத்துக்குக் கொடுப்பதாக அவள் அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். திங்கட்கிழமை கோயில் வாசலில் பொங்கிப் படைத்தாள். வாழையிலைத் துண்டில் அள்ளி நீட்டியபோது, பக்கத்து வளவு மனிசி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டா.

"படிக்கப் போனனியோ, கரி அள்ளப் போனனியோ மோனை?"

சிரிப்பெழுந்தது. அடுத்ததாக அவா தாழ்ந்த குரலில், "தொத்து வருத்தம் ஏதுமோ தெரியாது. சின்னப் பிள்ளையள் தின்னுறது" என்றா. வரிசையில் நின்ற பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். மகள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவளுடைய கண் மட்டும் நிறைந்துவிட்டது. தாயே, உனக்கு நேர்ந்தது வீணாகலாமோ என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன்.

அப்போது பூசாரியார் வெளியே வந்தார். அன்று விடியற்காலை தொடங்கி அம்மனின் வெள்ளிக் கவசத்தைத் திருநீறு போட்டு மினுக்கியவர்.

"என்ன பிள்ளை அது கையில?"

"வெள்ளி ஐயா. எண்ணெயைப் பிரிக்கிற வேலையில பட்டது. தோல் உரிஞ்சால்தான் போகும்."

அவர் தன் இரண்டு கைகளையும் எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். விரல்கள் மைக்கறுப்பு.

"அம்மாளின்ரை வெள்ளி எனக்கும் பட்டிருக்கு. இந்தக் கையால திருநூறு வாங்கினனீங்கள்தானே?"

மகள் மெதுவாக, "ரெண்டு கறுப்பும் ஒண்டில்லை ஐயா. உங்கடை கழுவினால் போயிடும்" என்றாள். பொய் சொல்லி ஒரு வாய்ப் பொங்கலும் கொடுக்க மாட்டாள் அவள்.

"கலந்து கிடந்தால் நீதான் பிரிச்சுப் போடுவியே" என்று சிரித்துக்கொண்டு, முதல் இலையை அவரே வாங்கி உண்டார்.

பக்கத்து வளவு மனிசி கை நீட்டினா. "எனக்குக் கொஞ்சம் கூடவாப் போடு மோனை."

பானை வழித்தெடுத்தாயிற்று. வெறும் பானையை நானே தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் வந்தேன். கண்டவர்கள் எல்லாரும் மகளை விசாரித்தார்கள். மணல் தூளையும் வெள்ளியையும் இலுப்பெண்ணெயையும் ஒவ்வொருவருக்கும் நின்று நின்று சொன்னேன். மகள் எப்போதோ முன்னால் போய்விட்டாள். எனக்கு வழியெல்லாம் சொந்தம். வீடு வந்து சேர மத்தியானமாகிவிட்டது.